எச்சம் பார்க்கும் ஆம்ப்ரோஸ்

கைரேகை பார்ப்பவரை உங்களுக்குத் தெரியும், ஜாதகம் பார்ப்பவரையும் தெரியும். கோழிக்குஞ்சின் எச்சம் பார்ப்பவரைத் தெரியுமா? தெரியாதென்றால் ஜீவனஹள்ளிப் பக்கம் வாருங்கள், எங்கள் பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸைக் காட்டுகிறேன்.

கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் பால் பாக்கெட் வாங்கப் போகிற நேரத்துக்கு இவர் ஓர் அட்டைப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருப்பார். பெட்டிக்குள் பல்பு, பல்புக்குக் கீழே பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆறு குஞ்சு, அதற்குக் கீழே நியூஸ் பேப்பர். ஊரெல்லாம் பேப்பரில் செய்தி படிக்கும். இவர் அதன்மேல் விழுந்ததைப் படிப்பார். கண்ணாடியை ஏற்றி, மொபைல் டார்ச்சை அடித்து, தீக்குச்சியால் புரட்டி, போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்புக்கு அனுப்புவார். அதுவும் அவர்கள் டிபன் சாப்பிடும் நேரம் பார்த்து.

பழுப்பின்மேல் வெள்ளைத் தொப்பி இருந்தால் நல்ல எச்சம். இவர் விடுவாரா?

"வெள்ளை கொஞ்சம் ஜாஸ்தி அண்ணே."

நாளுக்கு ஒன்றிரண்டு தடவை கடுகை அரைத்த மாதிரி, நாற்றத்தோடு போகும். அதுவும் சரியானதுதான்.

"முடிஞ்சுது அண்ணே, ஆறும் போச்சு!"

முந்தாநாள் "ரத்தம்!" என்று அலறினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நகைக்கடை விளம்பரத்துச் சிவப்பு.

நேற்று மட்டும் முகமெல்லாம் பல். "எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ் அண்ணே! பேப்பர்ல ஒரு குறை இல்ல."

அவர் மனைவி ஜோசஃபின் எட்டிப் பார்த்தார். "பேப்பர்ல குறை இல்லங்க. மூலையில இருக்கிற குஞ்சு ஏன் கண்ண மூடிக்கிட்டு நிக்குது?"

"தூங்குது. நீ சும்மா இரு."

"தூக்கித்தான் பாருங்களேன்."

தூக்கினார். வாலுக்குக் கீழே எச்சம் காய்ந்து, போகிற வழியையே அடைத்திருந்தது. முந்தின நாளிலிருந்து அந்தக் குஞ்சு பேப்பரில் ஒன்றுமே போடவில்லை. போடாத எச்சத்தை எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது? இன்னும் அரை நாள் போயிருந்தால் குஞ்சு செத்திருக்கும்.

ஆம்ப்ரோஸ் குஞ்சை மனைவியிடம் நீட்டினார். ஜோசஃபின் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிய்த்து இழுக்காமல், ஊறவிட்டு ஊறவிட்டுத் துடைத்து, ஈரம் ஒற்றி, குஞ்சை அவர் கையில் வைத்தார்.

"மாதாவே, ஒரே ஒரு தடவ போயிடட்டும்!"

இதற்காக ஒரு மனிதர் வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சளக். உள்ளங்கையிலேயே.

"பாருங்கண்ணே, தொப்பியோட!" கையை என் மூக்குவரை கொண்டுவந்தார்.

"கருமம், மொதல்ல கழுவுங்க!" என்றார் ஜோசஃபின். கழுவினார். போட்டோ எடுத்த பிறகு.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் புதிதாகப் பேரனோ பேத்தியோ வந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள். என் பேத்தி ரக்ஷாவுக்கு இன்றோடு இருபது நாள். துணி மாற்றும்போதெல்லாம் நான் கண்ணாடியைத் தேடுகிறேனாம். "கலர் பாத்தாச்சுல்லப்பா? கொழந்த மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க" என்கிறாள் என் மகள் ஸ்னேஹா.

உங்கள் மொபைலிலும் குழந்தைத் துணியோடு மஞ்சளாக ஒரு போட்டோ இருக்கிறதா? தேடிப் பாருங்கள். அவசரமில்லை, நான் இருக்கிறேன்.