தட்டைப் பார்க்காத கணவர்

பூரணியின் எடை இந்த வாரமும் ஒரு கிலோ கூடியிருந்தது. இசபெல்லுக்கு அதுதான் சந்தேகமாக இருந்தது.

இசபெல் உளவியலாளர். சாப்பாட்டைக் கண்டாலே ஒதுங்கி மெலிந்துபோகும் பெண்களைக் கணவரோடு சேர்த்து உட்காரவைத்துக் குணப்படுத்துவது பற்றி ஆய்வு செய்கிறார். ஜோடியாக வந்தால்தான் சிகிச்சை. விதி ஒன்றுதான்: மனைவி சாப்பிடும்போது கணவர் அவள் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

மற்ற ஐந்து கணவர்களும் முதல் வாரத்திலேயே பேசிவிட்டார்கள். பூரணியின் கணவர் மட்டும் ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை தன் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் முன் வைக்க இசபெல்லிடம் இருந்தது அந்த ஒரு வெற்றிதான்.

இப்படியொரு கணவர் இருக்க முடியாது என்று இசபெல்லுக்குப் பட்டது. அவருக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருடம்.

புதன்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், காம்பரா எனும் ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டிநின்ற பூரணியின் லயத்துக்கே போனார். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பூரணி திடுக்கிட்டாள்.

"அவரு இங்கதான், பக்கத்துல. இருங்க, கூட்டிட்டு வாறேன்."

இரண்டு நிமிடத்தில் கணவர் வந்தார். மீசையில் பருப்பு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க," என்றாள் பூரணி.

'வேறெங்கோ சாப்பிடுகிறார்' என்று இசபெல் குறித்துக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்களே அவங்களுக்குச் சோறு போடுங்க," என்றார் கணவரிடம்.

கணவர் முதலில் மாவு டின்னைத் திறந்தார். அடுத்து மண்ணெண்ணெய்ப் போத்தலை முகர்ந்து பார்த்தார்.

"சோத்துப் பானை எங்கங்க?" என்று பூரணியிடம் கேட்டார். மனைவிக்கு இவ்வளவு மரியாதையா?

"எத்தன வருசமா இங்க இருக்கீங்க?" என்றார் இசபெல்.

"பொறந்ததுலேருந்து இந்த லயம்தாங்க," என்றபடி, பூரணி காட்டிய பானையிலிருந்து சோறு போட்டார்.

நெருக்கம் போதவில்லை என்று இசபெல் முடிவுகட்டினார். "பக்கத்துல உக்காருங்க. அவங்க கையப் பிடிச்சுக்கங்க."

இருவரும் வாசலைப் பார்த்தார்கள். சுடுகிற சட்டியைத் தொடுவதுபோல், கணவர் இரண்டு விரலால் பூரணியின் மணிக்கட்டைத் தொட்டார். பூரணிக்கு விக்கல் வந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாகத் தட்டை ஒதுக்கிவைத்தாள்.

இசபெல் கணவர் பக்கம் திரும்பினார். ஆய்வு கண்ணெதிரே மெலிந்துகொண்டிருந்தது.

"உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு வேற பொம்பள இருக்காங்களா?"

கணவர் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "இருக்காங்க, டாக்டரம்மா."

"எங்க?"

"அடுத்த காம்பராவுல."

இசபெல் பூரணியைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. நல்ல மனுசி. சில நாளைக்குக் கறியெல்லாம் குடுத்து அனுப்புவாங்க."

இசபெல் அதையும் குறித்துக்கொண்டார். அடுத்த காம்பராப் பெண்ணே அகப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, பூரணி புருசன் கொழும்புல கடையில வேலைக்கு நிக்கிறாரு, ஜோடியா வந்தாத்தான் வைத்தியம்னு நீங்க சொன்னதால எங்க வீட்டுக்காரர இரவல் குடுத்தேன், அது சேந்து உக்காந்து சாப்பிடத்தான், கையப் பிடிக்க இல்ல."