பொலித்தீன் ரீச்சரின் செற்றி

ஒரு சாமானைப் புதிதாகவே வைத்திருப்பதில் எங்கள் பொலித்தீன் ரீச்சரை வெல்ல வன்னியில் ஆளில்லை. இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மற்றவர்கள் வாங்கும் சாமான் வீட்டுக்கு வந்த அன்றே பழசாகத் தொடங்கும். ரீச்சர் வீட்டுக்குப் போன சாமானோ கடையில் இருந்ததைவிடப் புதிதாகிவிடும். அவருக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் காணலாம். "பொலித்தீன் ரீச்சர், உருத்திரபுரம்" என்று மட்டும் எழுதி வந்த ஒரு கடிதத்தைத் தபால்காரர் நேரே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வவுனியாவிலிருந்து இடமாற்றம் கிடைத்து உருத்திரபுரத்துக்குப் போன கணக்கு வாத்தியார். அதே பாடசாலையில் ரீச்சர் மனையியல் படிப்பித்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கலியாணம் செய்யவில்லை, தனியாள். வீட்டோடு ஒட்டிய அறையொன்று வாடகைக்கு இருப்பதாகச் சொன்னதால், ஒரு மாலை பெட்டியோடு போய் இறங்கினேன்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. இருங்கோ."

விறாந்தையைத் தாண்டினால் நடுவறையில் கறுப்பு ரெக்சின் போட்ட நீள மெத்தைக் கதிரை, அதுதான் செற்றி, ராசா மாதிரி வீற்றிருந்தது. களைத்துப்போய் வந்தவன் வேறெங்கே இருப்பான்?

"ஐயோ! அதிலை இல்லை!"

பாம்பைக் கண்டவன் மாதிரித் துள்ளி எழுந்தேன். ரீச்சர் குசினிக்குள் ஓடிப்போய்ப் பெயின்ற் வாளியொன்றை எடுத்துவந்து கவிழ்த்து வைத்தார். "இதிலை இருங்கோ. இது பழசு, பயப்பிடத் தேவையில்லை." அந்த வீட்டில் இருந்த இரண்டு வருடமும் நான் தேத்தண்ணி குடித்தது அந்த வாளிக்கு மேலே இருந்துகொண்டுதான்.

செற்றிக்குக் கடைக்காரன் சுற்றிக்கொடுத்த பொலித்தீன் ஒன்று. அதன்மேல் படுக்கை விரிப்பு. விரிப்பில் தூசி படக்கூடாதென்று அதற்கு மேலே இன்னொரு தடித்த பொலித்தீன், நான்கு பக்கமும் கயிற்றால் கட்டியிருந்தது. மூலையில் நின்ற மின்விசிறி பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. சித்திரை வெயிலில் ரீச்சர் அந்தப் பெட்டியின் மூடியைக் கிழித்தெடுத்து விசுக்கிக்கொண்டிருப்பார்.

"ரீச்சர், ஃபானைப் போட்டால் என்ன?"

"போட்டா இறக்கையிலை தூசி பிடிச்சிடும் தம்பி."

ரீவியும் பெட்டிக்குள்தான். பெட்டியின் முகப்பில் ஒரு ரீவியின் படம், அந்த ரீவிக்குள் ஒரு நீர்வீழ்ச்சி. இரவுச் சாப்பாட்டை ரீச்சர் அதற்கு முன்னால் இருந்துதான் சாப்பிடுவார். "படம் நல்ல கிளியர்" என்றேன் ஒருநாள், பகிடியாக. ரீச்சர் கோபிக்கவில்லை. "ஓம் தம்பி, கரண்டும் மிச்சம்" என்றார்.

இவ்வளவு சாமானும் கனடாவிலிருக்கும் தங்கச்சியின் உபயம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் ரீச்சர்தான் தங்கச்சியை வளர்த்து, படிப்பித்து, கட்டிக்கொடுத்து அனுப்பியவர். "அடுத்த ஓகஸ்ற் வாறன் அக்கா" என்று தங்கச்சி ஒவ்வொரு வருடமும் சொல்வா. ஓகஸ்ற் வரும், லீவு கிடைக்காது, இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சுகமில்லை. தங்கச்சிக்குப் பதிலாகக் கிளிநொச்சிக் கடையொன்றிலிருந்து லான்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஒரு சாமான் வந்து இறங்கும். அவா வந்து புதிதாகப் பாவிக்கட்டும் என்று ரீச்சர் அதைக் கட்டி வைப்பார். இப்படி ஒன்பது ஓகஸ்ற் கட்டப்பட்ட நிலையில் அந்த வீட்டில் இருந்தது.

ரீச்சர் வேதக்காரர், நான் சைவம். ஆனாலும் ஞாயிறு ஆராதனை முடிய ரீச்சர் போகும் சின்னச் சபையில் மத்தியானச் சாப்பாடு தருவார்கள் என்பதால் எனக்கு மத பேதம் இருக்கவில்லை. சபையின் பாஸ்டர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, இளந்தாரி, நல்ல மனுஷன். ரீச்சர் வீட்டு வாளியில் ஒருமுறை இருந்தெழும்பிய பிறகு, அவர் இரண்டு கிழமை யோசித்து ஒரு பிரசங்கம் தயார் செய்தார். பூமியில் சேர்த்து வைக்கும் செல்வத்தைப் பூச்சி அரிக்கும், துரு தின்னும், கள்ளன் கன்னமிட்டுக் கொண்டுபோவான். ஆகவே பரலோகத்தில் சேர்த்து வையுங்கள் என்று இயேசுநாதர் சொன்னதை வைத்து ஒரு மணித்தியாலம் உருகி உருகிப் பேசினார். பேசும்போது ஓரக்கண்ணால் ரீச்சரைப் பார்த்துக்கொண்டார். ரீச்சர் கொப்பியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பாஸ்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அடுத்தநாள் ரீச்சர் கிளிநொச்சிச் சந்தைக்குப் போய் ஒரு பை நிறையச் சாமானோடு திரும்பினார். அலுமாரிக்குப் போடப் பூச்சி உருண்டை. செற்றியின் ஆணிகளுக்கும் தையல் மெசினுக்கும் பூசக் கிறீஸ். வாசலுக்கும் யன்னலுக்குமாக ஐந்து ஆமைப்பூட்டு.

"ஆண்டவர் எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கிறார் பாருங்கோ தம்பி" என்றார். "மூண்டே மூண்டு எதிரி. பூச்சி, துரு, கள்ளன். இதை முந்தியே கவனிச்சிருந்தா நான் இவ்வளவு நாளும் பயந்திருக்கத் தேவையில்லை."

பாஸ்டர் விழுந்தடித்து ஓடிவந்தார். "டீச்சர், நான் பூட்டு வாங்கச் சொல்லலீங்க!"

"நீங்கள் சொல்லேல்லை பாஸ்டர். ஆனா பிரசங்கம் எண்டா கேட்டிட்டு வாறதோடை முடியிறதே? வாழ்க்கையிலை செய்து காட்ட வேண்டாமே?"

பாஸ்டர் பொத்தென்று வாளியில் இருந்தார். பூச்சி உருண்டை மணத்தில் அவருக்கு மூன்று தரம் தும்மல் வந்தது.

என் இரண்டாவது வருடத்து ஆடி மாதத்தில் செய்தி வந்தது. தங்கச்சி உண்மையாகவே ரிக்கற் போட்டுவிட்டா. ஒன்பது வயது மகளோடு வருகிறா. அன்றிலிருந்து ரீச்சர் நிலத்தில் நடக்கவில்லை. வீடு மூன்றுதரம் கழுவப்பட்டது. தங்கச்சி வருவதற்கு முதல்நாள் காலை, செற்றியின் உறை கழற்றும் வைபவத்துக்குப் பாஸ்டரும் நானும் அழைக்கப்பட்டோம். பாஸ்டர் ஒரு சிறு ஜெபம் செய்தார். நான் கயிற்றை வெட்டினேன். மேல் பொலித்தீன் போனது, விரிப்புப் போனது. கடைசிப் பொலித்தீனை ரீச்சர் தன் கையால், குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல மெதுவாக உரித்தார்.

பொலித்தீனோடு சேர்ந்து செற்றியின் தோலும் வந்தது.

ஒன்பது வருட வெக்கையில், காற்றுப் போக வழியில்லாமல், ரெக்சின் புழுங்கிப் பொலித்தீனோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு பக்கம் உரிந்து வர, மறுபக்கம் கறுப்புச் செதிலாகக் கொட்டியது. ரீச்சரின் கையிலும் என் தலையிலும் பாஸ்டரின் வெள்ளைச் சேட்டிலும் அதே செதில்தான். உள்ளேயிருந்த பஞ்சு தொட்ட இடமெல்லாம் மாவாய் உதிர்ந்தது.

ரீச்சர் குனிந்து செற்றியின் கால்களைப் பார்த்தார். பிறகு அடியைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

"பூச்சி இல்லை. துரு இல்லை. கள்ளனும் வரேல்லை. அப்ப ஆர் தம்பி இதைத் திண்டது?"

பாஸ்டருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்நாளில் இனிக் கிடைக்காது. ஒரு முழுப் பிரசங்கமே அவர் தொண்டைவரை வந்து நின்றதை நான் கண்ணால் கண்டேன். அந்த மனுஷன் அதை விழுங்கிவிட்டு, "நான் கூட்டிப் பெருக்கிடுறேங்க டீச்சர்" என்று தும்புத்தடியை எடுத்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் உண்மையான மரியாதை வந்தது.

ரீச்சர் நிலத்தில் இருந்துவிட்டார். "செற்றி எனக்கு ஆசையில்லை தம்பி. இடம்பெயர்ந்து ஓடேக்கை தங்கச்சிக்குக் காய்ச்சல். ஒரு பாலை மரத்துக்குக் கீழை, சேத்துக்குள்ளைதான் இருத்தினனான். 'அக்கா, ஒரு நல்ல கதிரையிலை சாஞ்சிருக்கோணும் போலை கிடக்கு' எண்டாள். 'உன்னை மெத்தைக் கதிரையிலை இருத்துவன்' எண்டு சொன்னனான். நாளைக்கு வாறாள். நான் எதிலை இருத்திறது?"

அன்று மாலை பாஸ்டரும் நானும் சபையிலிருந்து நான்கு பிளாஸ்ரிக் கதிரைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து போட்டோம். ரீச்சர் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வாடகை வான் வந்து நின்றது. தங்கச்சி இறங்கி உள்ளே வந்தா. ரீச்சர் இரவு முழுக்கப் பாடமாக்கிய மன்னிப்பை ஒரே மூச்சில் ஒப்புவித்தார். "பிள்ளை, நீ அனுப்பின செற்றியை நான் பழுதாக்கிப் போட்டன், கோவிக்காதை."

"எந்தச் செற்றி அக்கா?"

ஒன்பது வருடம் காவல் காத்த செற்றியை அனுப்பியவவுக்கே அது நினைவில்லை. தங்கச்சி கதிரைகளையும் கவனிக்கவில்லை. கழுவித் துடைத்த வெறும் நிலத்தில் காலை நீட்டி இருந்து, பக்கத்தில் ரீச்சரையும் இழுத்து இருத்தி, அவர் தோளில் அப்படியே சாய்ந்துகொண்டா. "எவ்வளவு நாளாச்சு அக்கா" என்று சொல்லும்போதே அவவுக்கு அழுகை வந்துவிட்டது.

ரீச்சருக்கு அப்போதும் தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லை. அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையொன்றுக்குள்ளிருந்து ரோஸ் நிறச் சட்டையை எடுத்தார். தங்கச்சியின் மகள் பிறந்தபோது வவுனியாவில் தானே தேடி வாங்கியது. தபாலில் அனுப்பினால் கசங்கிவிடும் என்று வைத்திருந்தார். ஒரு சுருக்கமில்லை, ஒரு பூச்சி அரித்த ஓட்டையில்லை. பெருமையோடு அதை விரித்துப் பிள்ளையின் நெஞ்சில் பிடித்தார். சட்டை அவளுடைய தோளிலிருந்து நெஞ்சு நடுவரைகூட வரவில்லை.

"பெரியம்மா, திஸ் இஸ் ஃபோர் எ பேபி" என்றாள் பிள்ளை, பணிவாக.

ரீச்சர் சட்டையையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். "சட்டை புதுசாத்தான் கிடக்கு" என்றார் மெல்ல. "நான் பிள்ளையைத்தான் விட்டிட்டன்."

அன்று பின்னேரமே வீட்டிலிருந்த மிச்சப் பொலித்தீன் எல்லாம் வெளியே போனது. மின்விசிறி சுழன்றது. ரீவியும் வெளியே வந்தது. ஆனால் பிள்ளைக்குப் பிடித்தது ரீவி இல்லை, பெட்டிதான். அதில் யன்னல் வெட்டி, வீடாக்கி, பத்து நாளும் அதற்குள்ளேயே குடியிருந்தாள். ஒருநாள் பாடசாலை விட்டு வந்து பார்க்கிறேன்: நீர்வீழ்ச்சிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு சோடிக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு சோடி ரீச்சருடையது. "கதவைத் தட்டிப்போட்டு வாங்கோ தம்பி" என்று உள்ளிருந்து உத்தரவு வந்தது.

தங்கச்சி போன பிறகு வந்த ஞாயிறு, சபையில் சாட்சி சொல்ல ரீச்சர் எழும்பினார். பாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆண்டவர் சொன்ன மூண்டு எதிரியையும் நான் வெண்டிட்டன்" என்று தொடங்கினார் ரீச்சர். சபை திகைத்தது. "வெண்டும் எனக்குச் சந்தோசம் வரேல்லை. ஏனெண்டு இப்பதான் விளங்குது. அவர் கதைச்சது சாமானைப் பற்றி இல்லை, என்ரை மனசைப் பற்றி. ஒன்பது வருசம் நான் தங்கச்சிக்காகச் செபிச்சதை விடச் செற்றிக்காகத்தான் கூடச் செபிச்சனான். தங்கச்சி வந்து தோளிலை சாய்ஞ்ச உடனை நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அதை அவர் சும்மா தந்தவர். பூட்டி வைக்கவும் ஏலாது, பூட்டி வைக்கத் தேவையுமில்லை." பாஸ்டர் கண்ணைத் துடைத்தார். ரீச்சர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னுமொண்டு. என்னட்டை நல்ல பூச்சி உருண்டை இரண்டு கிலோ மிச்சம் கிடக்கு. வேணுமெண்டாக்கள் ஆராதனை முடிய வாங்கோ."

அடுத்த வருடம் எனக்கு வவுனியாவுக்கே மாற்றம் கிடைத்தது. போன மாதம் ஒரு வேலையாகக் கிளிநொச்சிக்குப் போனவன், உருத்திரபுரத்துக்கும் போய் ரீச்சரைப் பார்த்தேன். கதைத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. ரீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் தங்கச்சியின் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, இந்த ஓகஸ்ற் வர ஏலாது போலை. நல்ல வோஷிங் மெசின் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன். அனுப்பட்டே?"

"வேண்டாம் பிள்ளை."

"ஏன் அக்கா? உங்களுக்குத் தேவைதானே?"

"சாமான் வந்தா நீ வரமாட்டாய்" என்றார் ரீச்சர். "எனக்குத் தெரியும்."

பிறகு ஏதோ சொல்லி, இருவரும் அழுது, சிரித்து, தொலைபேசியை வைத்தார்கள். ரீச்சர் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் வெளிக்கிடப்போறியளே தம்பி?"

"இல்லை ரீச்சர், கடைசி பஸ் போயிட்டுது" என்றேன்.

கடைசி பஸ் வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.