நாலாம் பத்தி மேற்பார்வையாளர்

ஒரு மனிதன் எடுக்கும் முடிவுகளில், எம்.பி.ஏ. படிக்கக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிடப் புனிதமானது வேறில்லை. கல்யாணத்தில் தவறினால் இரண்டு பேர்தான் கெடுவார்கள். இதில் தவறினால் ஒரு நிறுவனமே கெட்டுப்போகும்.

மெத்தைத் தொழிற்சாலையின் தையல் பிரிவு மேற்பார்வையாளரை எல்லோரும் 'பொறுப்பு' என்றே கூப்பிட்டார்கள். பழைய மேலாளர் ஓய்வுபெற்றதிலிருந்து, மேற்பார்வையாளர் சம்பளத்திலேயே மேலாளர் வேலையையும் சேர்த்துப் பார்த்துவந்தார். மேலாளரின் புது நாற்காலி பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படாமல் காலியாக இருந்தது. பொறுப்பு அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். என்றாவது ஒருநாள் அந்த உறையைத் தன் கையால் கிழிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

முதலாளி நல்லவர். நாற்காலியைப் பொறுப்புக்கே கொடுக்கலாம் என்றுதான் இருந்தார். ஆனால் எம்.பி.ஏ. படித்த மாப்பிள்ளை ஒருவர் வீட்டில் சும்மா இருந்தார். ஆகவே மிகுந்த 'நடுநிலையோடு' ஒரு விதி செய்தார். நாற்காலி எம்.பி.ஏ. படித்தவருக்கே; குறைந்தது, அதைப் படிக்க ஏதாவதொரு கல்லூரியில் இடமாவது கிடைத்திருக்க வேண்டும்.

ஊரில் இரண்டு கல்லூரிகள். ஒன்று கண்ணாடிக் கட்டடம். அதன் சுழல்கதவுக்குள் நுழைந்த பொறுப்பு இரண்டு முறை தெருவுக்கே திரும்பி வந்தார். மற்றது செருப்புக்கடைக்கு மேல்மாடியில். வணிகத்தின் இதயத்துக்கு நேர் மேலே இருக்கிறோம் என்று அதன் இயக்குநர் பெருமைப்பட்டார். கீழே யாரோ இடது கால் செருப்பைக் காணோம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு இடத்திலும் ஒரே கேஸ் ஸ்டடி. ஒரு தொழிற்சாலையின் மெத்தைகள் நடுவில் குழிவிழுந்து திரும்பி வந்துகொண்டே இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் தைத்த மெத்தையில் அவரவரே படுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அதற்கப்புறம் ஒரு மெத்தைகூடத் திரும்பவில்லை. இதைக் கண்ணாடிக் கல்லூரி 'கிடைமட்டத் தலைமை' என்றது. மாடிக் கல்லூரி 'உறக்கவழித் தர மேலாண்மை' என்றது.

பொறுப்புக்குப் புல்லரித்தது. அந்த விதியைப் போட்டவரே அவர்தான். எப்படியும் தூங்கத்தான் போகிறார்கள், அவன் தைத்ததிலேயே அவன் தூங்கித் தொலையட்டும் என்று போட்டது.

"இந்த வெற்றிக்கு யார் காரணம்?" என்று கண்ணாடிக் கல்லூரிப் பேராசிரியர் கேட்டார்.

"நான்தான் சார்."

பேராசிரியர் அவரை ஜுரக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முதலாளின்னு போட்டிருக்கு. அவரே இங்க சிறப்பு விருந்தினரா வந்து சொன்னாரு."

"அப்ப நான் எங்க சார் போனேன்?"

"நீங்க தையல் பிரிவு மேற்பார்வையாளரா? இருக்கீங்களே, நாலாவது பத்தியில. 'மாற்றத்தை எதிர்த்த மேற்பார்வையாளர்.'"

"நான் எதிர்க்கவே இல்லையே சார்."

"யாராவது எதிர்க்கணும். இல்லன்னா அது பாடமே ஆகாது."

மாடிக் கல்லூரியில் எல்லாப் புகழும் மாப்பிள்ளைக்கு. அவர் அங்கே படித்தவர். அங்கே கொடுத்த கேஸ் ஸ்டடியே அவர் தன் பாணியில் எழுதியதுதான். அதில் மேற்பார்வையாளர் என்று ஒரு ஜீவன் கிடையாது. தையல்காரர்கள்கூடக் கிடையாது. மெத்தைகள் தம்மைத்தாமே தைத்துக்கொண்டன.

ஆக, ஒரு கல்லூரியில் வில்லன். இன்னொன்றில் ஆளே இல்லை. பொறுப்பு இரண்டையும் மனைவியிடம் விளக்கினார். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"இதுல என்னங்க யோசனை? திட்டினாலும் ஆளுன்னு மதிச்சுத் திட்டியிருக்கான். கண்ணாடிக்கே போங்க."

அடுத்தது எழுத்துத் தேர்வு. ஒரே கேள்வி: 'மாற்றத்தை எதிர்த்த மேற்பார்வையாளரை நிர்வாகம் என்ன செய்திருக்க வேண்டும்?'

கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் என்று பொறுப்பு எழுத ஆரம்பித்தார். மேற்பார்வைக்கு நின்ற பேராசிரியர் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். பொறுப்புக்கு நாற்காலி நினைவுக்கு வந்தது. எழுதியதை அடித்தார். பிறகு கை தானாக ஓடியது. இத்தகைய நபர் நிறுவனத்தின் முதுகில் குத்தும் ஊசி. உடனே நீக்க வேண்டும். தயங்குவது கோழைத்தனம். நஷ்டஈடு கொடுத்தால் மற்றவர்களுக்கும் நப்பாசை வரும்.

முதல் மதிப்பெண் வந்தது. இடமும் கிடைத்தது. தொழில்துறையோடு 'நெருங்கிய உறவு' பேணும் அந்தக் கல்லூரி, சிறந்த விடையைச் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கே அனுப்பிவைப்பது வழக்கம். முதலாளி பொறுப்பைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எழுந்து நின்று கைகொடுத்தார். சோபாவில் இருந்த மாப்பிள்ளையும் கைதட்டினார்.

"படிச்சேன். அந்த ஆள உடனே அனுப்பணும்னு எழுதியிருக்கே. எனக்கு இத்தனை வருஷமா மனசே வரல. நீ படிச்சவன், உனக்கு வந்திருக்கு."

"ஐயா, அது பரீட்சைக்காக எழுதினது. அந்த ஆளே நான்தானுங்களே."

"தெரியும்பா. தன்னைப் பத்தியே இவ்வளவு நடுநிலையா ஒருத்தன் எழுத முடியுமான்னு மாப்பிள்ளைகிட்டயே சொன்னேன். நஷ்டஈடு விஷயத்துலயும் உன் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசல."

"ஆனா எனக்கு இடம் கிடைச்சிருச்சுங்களே. விதிப்படி அந்த நாற்காலி..."

"விதியெல்லாம் நம்ம ஆளுங்களுக்குப்பா" என்றார் முதலாளி, மிகுந்த கனிவோடு. "நீ இப்ப வெளியாள்."

முன்பெல்லாம் ஒருவன் வயிற்றில் அடிக்க வேண்டுமென்றால் முதலாளி அந்தப் பாவத்தைத் தன் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. மேலாண்மைக் கல்வி வளர்ந்த பிறகு அந்தச் சிரமம் இல்லை. அடிபடுகிறவனே அதைச் செய்துகொடுத்துவிடுகிறான், முதல் மதிப்பெண்ணோடு.