மாமனார் வீட்டு மோட்டாரைத் தானாக ஓடவைத்த கதை

எந்தக் கையேட்டையும் நான் முழுதாகப் படித்தவன் இல்லை. மிக்ஸி வாங்கினால் அட்டைப்பெட்டியோடு சேர்த்து அந்தத் தாளையும் கடாசிவிடுகிற ஜாதி. இதைக் கல்யாணத்துக்கு முன்பே செல்வியிடம் சொல்லியிருக்க வேண்டும். (சொல்லியிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது என்கிறாள்.)

கல்யாணமான புதுசு. ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற ஊரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மிளகு பறிக்கிற காலம். வீட்டில் ஆளாளுக்கு ஏணியைச் சாய்த்து மரம் ஏறி மிளகு உருவிக்கொண்டிருந்தார்கள். என்னை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அரைமணி நேரத்தில் அந்தப் பதவியும் போய்விட்டது. நான் பிடித்தால்தான் ஏணி அதிகமாக ஆடுகிறதாம்.

நமக்கும் ஒரு வேலை தெரியும் என்று காட்டியாக வேண்டுமே! சுற்றும்முற்றும் பார்த்தேன். மோட்டார் மாட்டியது.

கிணறு வீட்டுக்குக் கீழே பள்ளத்தில். செல்வியின் அண்ணன் குமரேசன் தினமும் காலையில் இறங்கிப்போய் மோட்டார் போடுவார், ஏறி வருவார், மொட்டைமாடி டேங்க் நிரம்புகிற நேரம் பார்த்து மறுபடி இறங்கி நிறுத்துவார். டேங்க் வழிந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் வழிகிற தண்ணீர் போக ஒரு குழாய்கூட வைக்கவில்லை.

"மாமா, இனிமே நீங்க உட்கார்ந்த இடத்துல இருந்தே போன்ல மோட்டார் போடலாம்" என்று அறிவித்தேன்.

குமரேசன் மெதுவாகச் சொன்னார். "பக்கத்துக் காட்டுல மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்காங்க மாப்ள. ஒரு மிஸ்டு கால் குடுத்தா ஓடுதுங்க. அதையே வாங்கிப் போட்டறலாமுங்களே?"

"அதெல்லாம் மூடி வெச்ச டப்பா மச்சான். உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நான் போடப்போறது ஓப்பன் சோர்ஸ். உலகமே திறந்து பாக்கலாம்." (உலகம் திறந்து பார்க்கத்தான் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.)

ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமுக்கு உத்தரவு போடுவதற்கென்று வைத்திருக்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். வீட்டு விளக்கு, மோட்டார் எல்லாவற்றுக்கும் அப்படி வாசல்களை யாரோ புண்ணியவான்கள் எழுதி இணையத்தில் சும்மா வைத்திருக்கிறார்கள். நாம் போனில் பொத்தானை அழுத்தினால் உத்தரவு எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து நம் மோட்டாருக்கு வரும். புதிதாகப் பழகுகிறவர்களுக்காக ஒரு பொதுச் சர்வரும், ஒரு மாதிரி நிரலும் கொடுத்திருந்தார்கள். மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டினேன். கூடவே எட்டுப் பக்க விளக்கம் இருந்தது. எட்டுப் பக்கம்!

மறுநாள் காலை மாமா போனை அழுத்தினார். டேங்க்கில் தண்ணீர் விழுந்தது. ஐந்து முறை போட்டு, ஐந்து முறை நிறுத்தி, "ஏனுங்க மாப்ள, படிச்ச படிப்பு படிச்சதுதானுங்க" என்றார். எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

அன்றைக்கே பறித்த மிளகை மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினார்கள். வீட்டைச் சுற்றிப் பலாமர நிழல், முழு வெயில் விழுகிற இடம் மாடி மட்டும்தான். "வருசத்து வெள்ளாமைங்க. ஒருக்கா நனைஞ்சாலும் பூசணம் புடிச்சுரும்" என்று மாமா வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு மாடிப்படியில் தண்ணீர் இறங்கி வந்தது, மிளகோடு. மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

அள்ளினோம், துடைத்தோம், மறுபடி பரப்பினோம். "சரி பண்ணிட்டேன் மாமா" என்றேன். மறுநாளும் ஓடியது. வயரை எல்லாம் மாற்றினேன். மூன்றாம் நாளும் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரத்தைக் குறித்து வைத்தேன். 12.56, 12.55, 12.54. நாளுக்கு ஒரு நிமிஷம் முன்கூட்டி! எந்தக் கோளாறு இப்படி நேரம் பார்த்து வரும்? கோளாறு என்றால் கண்டபடி அல்லவா வரும்? இவ்வளவு ஒழுங்காக ஒருத்தரால்தான் வம்பு பண்ண முடியும் என்று துப்பறிந்து முடித்தேன். தினமும் நேரம் தவறாமல் பள்ளத்தில் இறங்கி ஏறுகிற ஒருத்தர்.

சாப்பிடும்போது, எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டேன். "மச்சான், மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கலேன்னு கோவம்னா அதை என்கிட்ட காட்டுங்க. மிளகு மேல காட்டாதீங்க."

குமரேசன் கை களியில் நின்றது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. செல்வி பார்த்தாள், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நாலாம் நாள் நானும் மாமாவும் மிளகுக்குக் காவலாக மாடியில் இருந்தோம். பன்னிரண்டரைக்கே குமரேசன் வந்தார். எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்தார். "கையப் பாத்துக்குங்க மாப்ள. காலையும் பாத்துக்குங்க."

12.53. மோட்டார் ஓடியது.

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. அதற்குள் மாமா போனை எடுத்து 'ஆஃப்' அழுத்தினார். நின்றது. மூச்சுவிடுவதற்குள் மறுபடி ஓடியது. அழுத்தினார், நின்றது. ஓடியது. பத்துப் பன்னிரண்டு தடவை நடந்தது இந்த மல்லுக்கட்டு.

"ஏனுங்க மாப்ள, நான் நிறுத்த நிறுத்த எவனோ எதுத்தாப்புல உக்காந்து போடறாப்புல இருக்குதுங்களே!" மாமாவுக்கு வேர்த்துவிட்டது.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். மோட்டாருக்கு வருகிற உத்தரவுகள் வரிசையாகத் தெரிகிற பக்கம் அது. ஆன், ஆஃப், ஆன், ஆஃப். எல்லாம் நம் போனிலிருந்து வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆன் வரவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் வந்து விழுந்தது.

'யார் நீங்கள்? தயவுசெய்து என் வாசல் விளக்கை அணைக்காதீர்கள். என் மனைவி வேலை முடிந்து வருகிற நேரம். படி தெரியவில்லை.'

பதில் அடித்தேன். ஆள் நியூசிலாந்துக்காரர். அவரும் அதே மாதிரி நிரலை அப்படியே ஒட்டியவர். அதில் சாதனத்துக்கு 'என் வீட்டு ஸ்விட்ச் ஒன்று' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. அங்கே சூரியன் மறையும்போது வாசல் விளக்கு தானாக எரிய ஏற்பாடு செய்திருக்கிறார். அங்கே பொழுது அடைகிற நேரம் நமக்கு மத்தியானம் ஒரு மணி. பொழுது தினமும் ஒரு நிமிஷம் முன்னால் அடைகிறது. ஒரே பெயருக்குப் போன உத்தரவு இரண்டு வீட்டுக்கும் போயிருக்கிறது. அவர் விளக்குப் போட்டால் கொல்லிமலையில் தண்ணீர். மாமா மோட்டாரை நிறுத்தினால் நியூசிலாந்தில் இருட்டு. விளக்கத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது: 'இந்தப் பெயரைக் கட்டாயம் மாற்றவும்.'

நான் சொல்லி முடிக்கும்வரை மாமா கேட்டுக்கொண்டிருந்தார். காலடியில் வருஷத்து மிளகு மிதந்துகொண்டிருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் புள்ள படியில விழுந்துருச்சுங்களா?"

கேட்டு அடித்தேன். விழவில்லையாம். முட்டைப் பையை மட்டும் போட்டு உடைத்துவிட்டாளாம்.

"நல்லவேளைங்க" என்று போனைக் கீழே வைத்தார் மாமா. குமரேசன் அதற்குள் பள்ளத்தில் இறங்கி, மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி, கையோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அழுகையே வந்துவிட்டது. "உடுங்க மாப்ள. நாலு நாளா நானே என்னையச் சந்தேகப்பட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றார். அது எனக்கு இன்னும் வலித்தது.

பாதி மிளகு பூசணம் பிடித்தது. மண்டிக்காரர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, திரும்பச் சாக்கிலேயே போட்டுவிட்டார். அடுத்த வாரமே குமரேசன் போய் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி வந்தார். அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, உத்தரவாத அட்டை உட்பட, எல்லோர் முன்னாலும் என்னைச் சத்தமாகப் படிக்க வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் மகளுக்குப் பெயர் வைத்தோம். அதே வீடு, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. பெயரை மூன்று முறை காதில் சொல்ல நான் குனிந்தேன். குமரேசன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மாப்ள, ஒரு நிமிசமுங்க. இந்தப் பேரு வேற யாராச்சும் வெச்சிருக்காங்களான்னு நல்லாப் பாத்துட்டீங்களா?"

வீடே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்காமல், நிஜமாகவே கவலைப்பட்டவர் மாதிரி சொன்னார்:

"அதுக்கில்லீங்க மாப்ள. நாம இங்க பாப்பாவப் பேரு சொல்லிச் சாப்புடக் கூப்புட்டா, நியூசிலாந்துல எந்தப் புள்ளயாச்சும் எந்திரிச்சு வந்துரப் போவுது."