பந்தியில் ஒட்டிய பாடம்

தேவிஸ்ரீயின் திறந்தநிலை இணையப் பாடத்தில் இதுவரை சேர்ந்தவர்கள் நான்கு பேர். ஒருத்தி தேவிஸ்ரீ. இன்னொருவர் அவள் கணவன் தீபன். மூன்றாவது, பீடோரில் இருக்கும் நாத்தனார். நான்காவது யாரென்று ஆவலோடு போய்ப் பார்த்தாள். கடவுச்சொல்லை மறந்துவிட்டு, நாத்தனாரே இரண்டாம் முறை சேர்ந்திருந்தார்.

"உலகத்துக்கே திறந்துவிட்ட பாடம்னு சொன்னீங்க. உலகம் எங்கம்மா?" என்றார் டைரக்டர் முத்துராமன். ஈப்போவில் தேவிஸ்ரீ வேலை பார்க்கும் தனியார் கல்லூரி அவர் சொன்னால் நடக்கும், முறைத்தால் நிற்கும்.

"வரும் சார்."

"மாசக் கடைசிக்குள்ள நூறு பேர் சேரணும். இருபது பேராவது முடிக்கணும். இல்லாட்டி பாடத்தை மூடிடுவோம். பாடம் இல்லாட்டி உங்க கான்ட்ராக்ட புதுப்பிக்க எனக்கும் வழியில்ல."

பாடத்தின் பெயர் 'இணையப் பாடம், நீங்களே உருவாக்கலாம்'. தனக்குத் தெரிந்ததை ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து ஊருக்கே சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஆறு பாடங்களில் விளக்கியிருந்தாள். சத்தம் வராமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசிப் பதிவு செய்தது. பார்த்தால் எவருக்கும் பிடிக்கும் என்று மனதார நம்பினாள். பார்க்கத்தான் ஆளில்லை.

தீபன் ஒரு லோரி கம்பெனியில் சரக்கு அனுப்புகிற வேலையில் இருந்தான். எந்தச் சிக்கலுக்கும் அவனிடம் யோசனை உண்டு. யோசனைக்குப் பிறகு புதிய சிக்கலும் உண்டு.

"கூட்டம் வேணும், அவ்ளோதானே? புந்தோங்ல வெள்ளிக்கிழமை கூட்டம் எங்க இருக்கு? கோயில் அன்னதானத்துல! உன் பாடத்தோட கியூஆர் கோட பெருசா அடிச்சு அங்க ஒட்டிடு லா."

"சாப்பிட வர்றவங்க படிக்கவா வருவாங்க?"

"வரிசையில சும்மாதானே நிக்கிறாங்க."

அவர்கள் சிலிம் ரிவரிலிருந்து புந்தோங்குக்குக் குடிவந்தது அண்மையில்தான். கோயிலில் முகம் தெரிந்தவர் ஒருவருமில்லை. அந்த வெள்ளிக்கிழமை, தட்டுகள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்துத் தூணில் தேவிஸ்ரீ தாளை ஒட்டினாள். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு அங்கே வாயைத் திறக்க வரவில்லை. இன்னொரு தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தூணோடு தூணாக நின்றாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார், கரண்டியோடு வந்த செல்லாயி அக்கா. அங்கே சோறு போடுகிறவர் அவர்தான்.

தேவிஸ்ரீ தலையை மட்டும் ஆட்டினாள். செல்லாயி அக்கா தாளை ஒரு பார்வை, அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரிசைப் பக்கம் போனார்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் நூற்று நாற்பது பேர்!

தேவிஸ்ரீ துள்ளிக் குதித்தாள். பிறகு கலந்துரையாடல் பக்கத்தைத் திறந்தாள். அதன் தலைப்பில், 'தயங்காமல் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். தயங்காமல் கேட்டிருந்தார்கள்.

'அடுத்த வாரம் ரசம் உண்டா?'

'பாயாசம் எப்ப போடுவாங்க?'

'சாம்பார் தாப்பாவ் பண்ணி வீட்டுக்கு எடுத்துப் போக டப்பா கொண்டு வரணுமா?'

"என்னங்க, இவங்க படிக்க வரல," என்றாள்.

தீபன் எட்டிப் பார்த்தான். "அலாமாக்! சாப்பாட்டு டோக்கன்னு நெனச்சு ஸ்கேன் பண்ணிட்டாங்க லா. நம்ம சிலிம் ரிவர்ல திருவிழாவுக்குக் கொடுப்பாங்கள்ல, அது மாதிரி."

"ஐயோ, கோயில்ல போய் ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சே!"

"நீ எங்க ஏமாத்தின? பசி ஏமாத்திருச்சு."

மறுநாளே டைரக்டர் கூப்பிட்டார். "சபாஷ்மா! நானும் அந்தக் கலந்துரையாடல் பக்கத்த உக்காந்து படிக்கப் போறேன்."

தேவிஸ்ரீ கணினிக்கு ஓடினாள். அவர் படிப்பதற்குள் ரசத்தைக் கல்வியாக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுதினாள்: 'நல்ல கேள்வி. ரசத்தையே ஒரு பாடமாக எடுப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. புளியிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு கட்சி, மிளகிலிருந்து என்று இன்னொரு கட்சி. பருப்புத் தண்ணீர் ஊற்றினால் அது ரசமே இல்லை என்று யாரோ எழுதப்போக, பக்கம் பற்றி எரிந்தது. டைரக்டர் படித்துவிட்டு, 'விவாதம் சூடாக உள்ளது. மகிழ்ச்சி' என்று செய்தி அனுப்பினார். கூடவே, 'ஒருவரும் முடிக்கவில்லையே?' என்றும் கேட்டிருந்தார்.

தேவிஸ்ரீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் தீபனுக்கு அடுத்த யோசனை வந்தது. அவள் கணக்கிலேயே புகுந்து அறிவிப்புப் போட்டுவிட்டான்: 'ஆறு பாடமும் முடிப்பவர்களுக்குக் கோயிலில் பாயாசம் உண்டு.'

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"வேல நடக்குதா இல்லையா, அத பாரு!"

நடந்தது. பாடத்தை முடிக்க ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு சின்னப் பாடம் எடுத்து அனுப்ப வேண்டும். வரத் தொடங்கின. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஐயாவு, புந்தோங் சந்துகளில் வண்டியை ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று, இரண்டு தீப்பெட்டிகளை வைத்துக்கொண்டு விளக்கியிருந்தார். நல்லம்மாள் என்கிற கிளார்க்கின் பாடம், 'கல்யாணம் எப்போது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எப்படி'.

தேவிஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. முதலில் எதைக் கற்கப்போகிறோம் என்று சொல்லுங்கள், பிறகு செய்து காட்டுங்கள், கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள் என்று அவள் சொன்னதையெல்லாம் அப்படியே செய்திருந்தார்கள். அவள் பாடம் வேலை செய்கிறது!

'பாயாசத்துக்காக' என்று உடனே நினைவு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

டைரக்டர் மறுபடியும் கூப்பிட்டார். "முப்பது பேர் முடிச்சிட்டாங்க! வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நேர்லயே வாரேன், எல்லார் கூடவும் போட்டோ எடுக்கலாம். அது என்னம்மா பாயாசம்?"

"அது... ஊக்கம் சார்."

வெள்ளிக்கிழமை தேவிஸ்ரீயும் தீபனும் ஆளுக்கொரு காதைப் பிடித்துப் பாயாச அண்டாவைத் தூக்கி வந்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய டைரக்டர் வரிசை முழுக்கக் கைகுலுக்கிக்கொண்டே வந்தார். தேவிஸ்ரீ அண்டாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனாள். வேலை போனால் போகட்டும், இந்த மனிதர்களை வைத்துப் பொய்ப் படம் பிடிக்க அவளால் முடியாது.

"சார், போட்டோ வேணாம்," என்றாள். "இவங்க யாரும் படிக்கணும்னு சேரல. சாப்பாட்டு டோக்கன்னு நெனச்சு தெரியாம சேர்ந்துட்டாங்க. பாயாசம்னு சொன்னதாலதான் முடிச்சாங்க. தப்பு என்னோடது."

டைரக்டரின் கை பாதிக் குலுக்கலில் நின்றது. அந்தக் கைக்கு உரியவர் ஐயாவு.

"பாயாசத்துக்கா?" என்றார் ஐயாவு. "எனக்கு இனிப்பு நீரு, டீச்சர்! மோந்து பாக்கக்கூட டாக்டர் விட மாட்டாரு. தீப்பெட்டி வச்சுப் பாடம் எடுத்தேன், பாத்தீங்களா இல்லையா?"

"ஆனா எல்லாரும் ரசம்தானே கேட்டீங்க?"

"எதை வேணும்னாலும் கேளுங்கன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? கேட்டோம்!"

வரிசை சிரித்தது. டைரக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப டோக்கன்?" என்று யாரையென்று இல்லாமல் கேட்டார்.

செல்லாயி அக்கா சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "நம்ம கோயில்ல சோத்துக்கு எந்தக் காலத்துல சார் டோக்கன் கேட்டோம்? அன்னைக்கு இந்தப் புள்ள அந்தத் தாளப் புடிச்சுகிட்டு நின்னத பாத்தா, வரிசையிலயே ரொம்பப் பசியோட வந்த ஆளு இதுதான்னு தெரிஞ்சுது, அதான் 'அந்தத் தாளு மேல போன காட்டி ஆளுக்கு ஒரு அமுக்கு அமுக்கிட்டு வந்து சாப்பிடுங்க'ன்னு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்."