கொட்டாய் கேமராவும் என் ஆபீஸ் மீட்டிங்கும்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலை. மாமனார் வூட்டு ரவுட்டர்ல, மாட்டுக் கொட்டாய் கேமராவுக்கு வெளியிலேருந்து வழி திறந்து விடணும்.

அவர் வூடு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். செவலை மாடு கன்னு போட இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. அதே நாள் பார்த்து செங்கல்பட்டுல பங்காளி வூட்டுக் கல்யாணம். "மாடு போன்ல தெரிஞ்சாதான் வருவேன்"னுட்டாரு மாமனார்.

அவர் கெளம்பியே ஆகணும். ஏன்னா எனக்குத் தூக்கம் பாக்கி. "ஆபீஸ் போயாகணும், முக்கியமான மீட்டிங், நான் வரல மாமா"ன்னு சொல்லி வெச்சிருந்தேன். ஞாயித்துக்கெழமை என்ன மீட்டிங்னு யாரும் கேக்கல. கம்ப்யூட்டர் படிச்ச மாப்ள சொன்னா வேதவாக்கு.

"இன்னா பண்றீங்க மாப்ள?"ன்னு பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"வெளியிலேருந்து பாத்தா வூடு மொத்தத்துக்கும் ஒரே விலாசம் மாமா. உள்ள கூடத்து கேமரா, கொட்டாய் கேமரான்னு ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர். உங்க போன் வந்து தட்டுனா, அஞ்சாம் நம்பருக்கு அனுப்புன்னு ரவுட்டர்கிட்ட சொல்லி வெக்கறேன். அதான் கொட்டாய் கேமரா."

"அந்த நம்பர் மாறாதா?"

"அதெல்லாம் மாறாது மாமா."

பெரிய மேதாவி மாதிரி சிரிப்பு வேற.

போன்ல மாடு அசை போட்டுகினு இருந்துச்சு. குடும்பமே வேன் ஏறிப் போச்சு. என் வூட்டுக்காரி மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனா.

பத்து மணிக்கு கரண்ட் போயிட்டு வந்துச்சு. ரவுட்டர் அணைஞ்சு எழுந்து, நம்பரை எல்லாம் புதுசா பிரிச்சுக் கொடுத்துடுச்சு. அஞ்சாம் நம்பர் கூடத்து கேமராவுக்குப் போயிடுச்சு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே பாஸ்வேர்ட். நம்பரை மாறாம கட்டி வெக்கறது அரிச்சுவடிப் பாடம். அதைத்தான் நான் மறந்திருந்தேன்.

அப்போ இதெல்லாம் எனக்குத் தெரியாது. கூடத்துல, லுங்கியோட, மாமனார் சாய்வு நாற்காலியில வாயைப் பொளந்து தூங்கிகினு இருந்தேன்.

போன் அடிச்சுது.

"மாப்ள, மீட்டிங்ல கீறீங்களா?"

"ஆமா மாமா, விடவே மாட்டேங்கறாங்க."

"மாட்டைக் காணோமே மாப்ள. லுங்கி கட்டிகினு யாரோ தெரியறாரு. இங்க பந்தியே பாத்துகினு கீது. கொஞ்சம் கை ஆட்டுங்க."

ஆட்டினேன். மானம் அங்கேயே போச்சு.

அப்புறம்தான் மாடு ஞாபகம் வந்து கொட்டாய்க்கு ஓடினேன். கன்னு எழுந்து நின்னுகினு இருந்துச்சு. தாய் நக்கிகினு இருந்துச்சு.

சாயங்காலம் ரவுட்டரைச் சரி பண்ண உக்காந்தேன். மாமனார் கையைப் புடிச்சுத் தடுத்தாரு.

"வேணாம் மாப்ள. மாடு தன் வேலையைத் தானே பாத்துக்குது. அஞ்சாம் நம்பர் கூடத்துலயே இருக்கட்டும்."