இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி

டெல்சி பேச்சை நிறுத்தி இன்றோடு நான்கு நாள். ஃப்ளஷ் டேங்க் பேச ஆரம்பித்துப் பதினேழு நாள். இரண்டுக்கும் நடுவே, கையில் டேங்க் மூடியோடு நின்றுகொண்டிருந்தான் ஆரோக்கியநாதன்.

அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். கல்யாணமாகிப் பதினொரு வருடம், குழந்தை இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்து, அவன் சிப்காட் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகன் ஆனான்; அவள் நாலாம் வகுப்பு டீச்சர் ஆனாள். நாள் முழுக்க வெர்னியரைப் பிடித்து இரும்புத் துண்டுகளை அளந்துவிட்டு வருகிறவனிடம் பேச எதுவும் மிச்சமிருக்காது. டெல்சி பேசுவாள். அவன் "ம்" என்பான். குடும்பம் என்பதே அதுதான் என்று நினைத்திருந்தான்.

அப்புறம்தான் டேங்க் ஒழுகத் தொடங்கியது. உள்ளே தண்ணீரைத் தேக்கி வைத்து, அழுத்தினால் இறக்கிவிடும் சைஃபன் தேய்ந்துவிட்டது. நூல் போல ஒரு தண்ணீர், இரவும் பகலும் ஓயாமல் சரசரத்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை டெல்சி வெடித்தாள். கத்தியதில் குரல் உடைந்து, பாதி வார்த்தை வெறும் காற்றாகத்தான் வந்தது.

"பதிமூணு நாளா சொல்லுதேன். ஒரு சைஃபன வாங்கி மாட்ட ஒங்களுக்கு நேரமில்ல. இனிமே இதப் பத்தி நான் வாயத் தெறந்தா கேளுங்க!"

"ம்," என்றான்.

செவ்வாய் மாலை அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தாள். டேங்கின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டு ஒட்டுவது அவள் வழக்கம். 'கேஸ் புக் பண்ணவும்', 'குக்கரை ஊற வைக்கவும்' என்று அந்த வீட்டின் சுவர்களெல்லாம் அவனுக்கு வேலை சொல்லும். இந்தச் சீட்டு நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அரைப் பக்கத்துக்கு நெருக்கமான எழுத்து. டேங்கைப் பற்றி அரைப் பக்கம்! என்ன எழுதியிருப்பாள் என்று படிக்காமலே அவனுக்குத் தெரியும். பிய்த்து டூல் பாக்ஸில் போட்டு மூடினான்.

புதன் காலை அவள் பேசவில்லை. காப்பியும் வரவில்லை, ஃபிளாஸ்க்கைத் திறந்தால் வெறும் வெந்நீர். இரவு சாப்பாடு ஆனதும் கூப்பிடவில்லை, இரண்டு முறை கையைத் தட்டினாள். அவன் போய் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். என்ன கோபம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

வியாழன் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. மாலையில் பார்த்தால் பரணிலிருந்த பெட்டி கீழே இறங்கி, கூடத்தில் வாயைத் திறந்து கிடந்தது.

மறுநாள் கேண்டீனில் சுடலைமுத்துவிடம் சொன்னான். சுடலைமுத்து திருநெல்வேலிக்காரன், பக்கத்து மெஷின்.

"கத்துற பொம்பளைய நம்பலாம்வே," என்றான் அவன். "பேசாம இருக்கவதான் பொசுக்குன்னு பெட்டியத் தூக்கிருவா."

"பெட்டிய எறக்கியாச்சு."

சுடலைமுத்து இட்லியை அப்படியே வைத்தான். "அப்ப இன்னைக்கே மாட்டிரும். ஞாயித்துக்கெழம நாகர்கோவில் ரயிலு இருக்கு."

அன்று மாலையே ஆரோக்கியநாதன் பாகலூர் ரோட்டு ஹார்டுவேர் கடையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்தான். பழைய சைஃபனை முன்னும் பக்கமும் மேலுமாக வரைந்து, தசமப் புள்ளியோடு அளவு போட்டிருந்தான்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சார், இது ராக்கெட்டுக்கா, கக்கூஸுக்கா?"

"உயரம் இருநூத்து நாப்பத்தேழு புள்ளி ஆறு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பழைய பீஸு எங்க?"

"டிராயிங்தான் இருக்கே."

"டிராயிங்க வச்சு நான் பூஜையா போடறது? பழச எடுத்தாந்து காட்டுனா பக்கத்துல வச்சுப் பாத்துக் குடுப்பேன். எல்லாம் ஒண்ணுதான், இத எடுத்துட்டுப் போங்க."

எல்லாம் ஒன்றல்ல. மாட்டியபின் பார்த்தால் டேங்க் மூடி உட்காரவில்லை. சைஃபனின் தலை இரண்டு விரல் உயரம் வெளியே நின்றது. ஆக்ஸா பிளேடால் தலையை அறுத்தான். மூடி அழகாக உட்கார்ந்தது. ஆனால் வழிந்துபோவதற்கென்று இருந்த குழாயின் வாயும் அறுபட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நூலாக இருந்த தண்ணீர் கயிறாக விழுந்தது.

கீழ் வீட்டிலிருந்து, வீட்டுக்காரி சாந்தம்மா மாடிப்படியில் பாதி ஏறி நின்று கத்தினாள். "ஏனப்பா, மேல அருவி கிருவி உட்டிருக்கியா? மோட்டார் போட்டு அரை மணி ஆகல, தொட்டி காலி!"

டெல்சி வந்து எட்டிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். போய்விட்டாள்.

சனிக்கிழமை இரண்டாவது சைஃபன் வந்தது. உயரம் சரி. மூடி சரி. அடிப்பாகம் மட்டும் துளையில் பதியாமல் ஆடியது. வெர்னியரை நுழைத்துப் பார்த்தான். இடைவெளி சரியாக இரண்டு மில்லிமீட்டர்.

அவன் கம்பெனியில் இதற்கு ஒரே மருந்துதான். எது ஆடினாலும் அடியில் ஒரு தகடு கொடுப்பார்கள், ஷிம் என்பார்கள். பாதி மெஷின்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆரோக்கியநாதன் தண்ணீருக்குத் தாங்கும் தகடு தேடினான். ரப்பர் வாஷர் தடிமன் அதிகம். பழைய அடையாள அட்டை ரொம்ப மெலிசு. டூல் பாக்ஸின் அடியில் அந்தப் பிளாஸ்டிக் உறை கிடந்தது. உள்ளே இருந்த சீட்டோடு சேர்த்து மடித்து மடித்து அளந்தான். இரண்டு புள்ளி பூஜ்யம். அவனுடைய உத்தியோகத்தில் எதுவும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில்லை. அடியில் வைத்து நட்டை முறுக்கினான்.

சத்தம் நின்றது.

பதினெட்டு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒன்றுமே கேட்கவில்லை. தெருவில் போன கம்பெனி பஸ்ஸின் சத்தம்கூடத் தேய்ந்து மறைந்தது. அவன் காத்திருந்தான். டெல்சி கதவருகே வந்தாள். டேங்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. எதையோ எதிர்பார்ப்பவள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். அவனும் எதிர்பார்த்து நின்றான். பிறகு அவள் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அப்படியானால் டேங்க் இல்லை, நான்தான் என்று அவனுக்குப் பட்டது. பதினொரு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது வேறு எதுவோ. அதற்குக் கடையில் பொருள் கிடைக்காது.

ஞாயிறு பூசையில் அது உறுதியாயிற்று. பாடகர் குழுவில் எப்போதும் முதல் குரல் எடுக்கும் டெல்சி, அன்று கடைசி பெஞ்சில் கழுத்து வரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து ஒரு பாட்டுக்குக்கூட வாய் அசைக்கவில்லை. ஆண்டவரோடும் பேச்சு கிடையாது. ஒரு சைஃபனுக்கு ஆண்டவர் என்ன செய்வார்?

வீடு திரும்பி ஃப்ளஷை அழுத்தினால் தண்ணீர் இறங்க மறுத்தது. உறை நழுவி வாயை அடைத்திருந்தது. பலமாக அழுத்தினான், கைப்பிடி கையோடு வந்தது. உள்ளே கையை விட்டு இழுத்ததில் மிதவையும் ஒடிந்தது. டேங்க் நிறைந்து, வழிந்து, குளியலறை கடந்து கூடத்துக்கு நடந்தது.

"ஏனப்பா!" கீழிருந்து சாந்தம்மா. "என் சாமி ரூம்புல மழை பெய்யுது! நானே முனிராஜ அனுப்பறேன், நீ எதுலயும் கைய வெக்காத!"

பிளம்பர் முனிராஜ் பத்து நிமிடத்தில் வந்தார். முதலில் சுவரோரக் குழாயைத் திருகித் தண்ணீரை நிறுத்தினார். அவனுக்கு அது தோன்றவே இல்லை. பிறகு சைஃபனைக் கழற்றி வெளியே எடுத்தார்.

"யார் சார் மாட்டுனது இத?"

"நான்தான்."

"அதான பாத்தேன். கம்பெனியில ஆபீசருங்களா?"

கூடத்தில் டெல்சி துணியால் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். ரயிலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. பழக்கமில்லை.

முனிராஜ் துளைக்குள் இரண்டு விரலை விட்டு, மடித்த உறையை உருவினார். பிரித்து உதறிவிட்டு, உள்ளே நனையாமலிருந்த சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவர். தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார்.

"சார், இது லெட்டரு. 'தொண்டையில புண்ணு. பத்து நாள் வாயே தெறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பரண்ல இருந்து பெட்டிய எறக்கித் தாங்க, மஃப்ளர் எடுக்கணும். பத்து நாளைக்கு நீங்க பேசுங்க. எதையாவது பேசிக்கிட்டே இருங்க. வீடு சத்தமில்லாமக் கெடந்தா எனக்குப் பயமா இருக்கும்.'"